இனிக்கும் கிணற்று நீரையும் பரிசோதிக்க வேண்டுமா?

யாழ்ப்பாணத்துச் சொந்த ஊரைப் பார்த்துவிட்டு மலேசியா திரும்பும் குடும்பங்களிடம் பயணம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். கோயில் திருவிழா, பனங்கிழங்கு, உறவினர் வீட்டு விருந்து என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். அந்த வரிசையில் கிணற்றுத் தண்ணீருக்குக் கட்டாயம் ஓர் இடம் இருக்கும். "என்ன இருந்தாலும் எங்க ஊர்த் தண்ணீர் மாதிரி வராது" என்பார்கள். இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்ப்பதற்காக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவுக்குக் கப்பலேறிய தாத்தாக்கள் சொன்ன அதே வார்த்தையைத்தான் இன்று கொள்ளுப் பேரப்பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. அந்த நீர் உண்மையிலேயே இனிக்கும். ஆனால், ருசியாக இருக்கும் தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டால் அங்குதான் தவறு தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்து மக்கள் தண்ணீரைத் தரம் பிரிப்பதில் கெட்டிக்காரர்கள். ஒரு கிணற்று நீரில் சோறு எப்படி வேகிறது, பருப்பு எவ்வளவு நேரத்தில் அவிகிறது, சவர்க்காரம் நுரைக்கிறதா, தேநீரின் நிறம் மங்குகிறதா என்று பார்த்து, "இது நல்ல தண்ணீர், அது சவர்த் தண்ணீர்" என்று பாட்டிமார் நொடியில் சொல்லிவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு அது. குறை சொல்ல முடியாது. இருந்தாலும் அந்தச் சோதனைகள் எல்லாம் இரண்டே இரண்டைத்தான் அளக்கின்றன. ஒன்று உப்பு, மற்றொன்று நீரின் கடினத்தன்மை. வயலில் போட்ட உரத்திலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, குடிக்கும் நீரில் அது இருக்கும் அளவுக்கு ருசியும் இல்லை. எவ்வளவு அனுபவம் வாய்ந்த நாக்கானாலும் அதைக் கண்டுபிடிக்காது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வேடிக்கை என்று சொல்வதா, வேதனை என்று சொல்வதா தெரியவில்லை. குடாநாட்டின் கரையோரக் கிணறுகள் பல உவர்ப்பானவை. மக்கள் தாங்களாகவே அவற்றைக் குடிப்பதற்குப் பயன்படுத்துவதில்லை. நல்ல தண்ணீர் கிடைப்பது வலிகாமத்தின் உட்பகுதியில், கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் என்று நீளும் செம்பாட்டு மண் கிராமங்களில். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் உருளைக்கிழங்கும் ஆண்டு முழுவதும் விளைவது அதே மண்ணில்தான். உரம் அதிகமாகக் கொட்டப்படுவதும் அங்கேதான். ஆக, நாக்கு எந்தக் கிணற்றைத் தேர்ந்தெடுக்கிறதோ, அந்தக் கிணற்றில்தான் நைட்ரேட்டைத் தேட வேண்டியிருக்கிறது.

ஆறில்லா ஊருக்கு நிலத்தடி நீரே கதி

ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு, அதுவும் மழைக்காலத்தில் மட்டும்தான் ஓடும். பெரும்பகுதி மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து போய்விடும். அந்த மூன்று மாத நீரைப் பூமி தன் வயிற்றில் வாங்கி வைத்துக்கொள்கிறது. அடுத்த ஒன்பது மாதத்துக்கு மனிதரும் மாடும் பயிரும் அதை நம்பித்தான் வாழ வேண்டும்.

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புப் பாறை. வெடிப்பும் பிளவும் குகையும் நிறைந்த பாறை அது. மேலே இருக்கும் செம்மண் பல இடங்களில் அவ்வளவு ஆழமானதும் அல்ல. பெய்த மழை வேகமாக உள்ளே இறங்கிவிடும். அப்படி இறங்கிய நன்னீர், கனமான கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. புத்தூருக்கு அருகில் உள்ள நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேலே நன்னீர், ஆழத்துக்குப் போகப் போக உப்பு நீர்.

மழைநீரைச் சீக்கிரம் உள்வாங்கும் பாறை, மழைநீரில் கரைந்து வருவதையும் அதே வேகத்தில்தான் உள்வாங்கும். அதில் அதற்குப் பாகுபாடு தெரியாது.

அங்கே 'பசளை' என்று சொல்லப்படும் உரத்துக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். யூரியாவைத் தறையில் போட்டதும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதைப் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றுகின்றன. பயிருக்கு வேண்டிய உணவும் அதுதான். ஆனால் போட்ட அளவு முழுவதையும் பயிர் எடுத்துக்கொள்வதில்லை. மிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள மண்ணாலும் முடியாது. மண்துகளும் நைட்ரேட்டும் ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை. அதனால் மண் அதைத் தள்ளிவிடுகிறது, தண்ணீர் அதைக் கீழே இழுத்துச் சென்றுவிடுகிறது. கீழே போன நீரை அதே தோட்டக் கிணற்றிலிருந்து மறுபடியும் இறைத்து அதே பயிருக்குப் பாய்ச்சி, மேலும் ஒரு கை உரம் போடுகிறார்கள். இப்படிச் சுற்றிச் சுற்றி வருவதில் அளவு ஏறிக்கொண்டே போகிறது.

இயற்கை உரம் என்றால் பயமில்லை என்று நினைக்கவும் இடமில்லை. மாட்டெருவிலும் ஆட்டுப் புழுக்கையிலும் இருக்கும் நைட்ரஜனும் மண்ணுக்குள் போனால் நைட்ரேட்டாகத்தான் மாறும். மனிதக் கழிவும் அப்படியே. குடாநாட்டில் வீட்டுக்கு வீடு கிணறும் உண்டு, வீட்டுக்கு வீடு மலசலகூடக் குழியும் உண்டு. இரண்டுக்கும் இடையில் 50 அடி இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். காணி துண்டு துண்டாகப் பிரிந்துவிட்ட இன்றைய நிலையில் அந்த 50 அடிக்கு எங்கே போவது? பிளவுள்ள சுண்ணாம்புப் பாறையில் 50 அடி இருந்தாலும் அதை முழுமையாக நம்ப முடியாது என்பது வேறு விஷயம்.

துலா போய் இயந்திரம் வந்தது

ஒரு காலத்தில் துலா மிதித்துத்தான் தோட்டத்துக்கு நீர் இறைத்தார்கள். மனித உழைப்பில் வரும் நீருக்கு ஓர் எல்லை உண்டு. உரமாக மாட்டெருவும், பூவரசு போன்ற மரங்களின் குழையை வெட்டி மண்ணில் தாழ்ப்பதும் இருந்தன. மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரமும் மூட்டை உரமும் வந்த பிறகு எல்லாம் மாறியது. 1970 முதல் 1977 வரை ஆட்சியில் இருந்த அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, யாழ்ப்பாணத்துக் கமக்காரர் கையில் நல்ல காசு புழங்கியது. மிளகாய் விற்ற பணத்தில் கல்வீடு கட்டியவர்களும் பிள்ளையைப் படிக்க வைத்தவர்களும் பலர். அதைத் தவறு என்று யார் சொல்ல முடியும்?

அதன் மறுபக்கம் 1980-களின் தொடக்கத்திலேயே ஆய்வுகளில் தெரிய ஆரம்பித்தது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைட்ரேட், குடிநீருக்கான வரம்பைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் அப்போதே எழுதி வைத்தார்கள். அதற்குள் போர் வந்துவிட்டது. யூரியா தடைப் பொருளானது, ஊர்கள் இடம்பெயர்ந்தன, கிணற்று நீரைச் சோதிப்பது யாருக்கும் முதல் கவலையாக இருக்கவில்லை. 2009-ல் போர் முடிந்த பிறகுதான் தோட்டங்களும் உர மூட்டைகளும் ஆய்வுகளும் முழு அளவில் திரும்பின.

2021-ல் இரசாயன உர இறக்குமதியை இலங்கை அரசு திடீரென்று நிறுத்தி, அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கியதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். ஒரு போகம் உரம் இல்லாமல் போனதால் கிணறு சுத்தமாகியிருக்கும் என்று எண்ண வேண்டாம். பல பத்தாண்டுகளாக நிலத்தடியில் சேர்ந்தது சில மாதங்களில் போய்விடாது. மலசலகூடக் குழிகளுக்கோ அந்தத் தடை பொருந்தவே இல்லை.

குழந்தை நீலமாவது ஏன்?

நைட்ரேட் ஆபத்தானது என்று உலகுக்கு உணர்த்தியது ஓர் அமெரிக்கப் பண்ணைக் கிணறு. ஐயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர், உடல் நீலம் பாய்ந்த நிலையில் கொண்டுவரப்பட்ட கைக்குழந்தைகளைப் பற்றி 1945-ல் எழுதினார். இருதயத்தில் கோளாறு இல்லை, நுரையீரலிலும் இல்லை. கிணற்று நீரில் கரைத்துக் கொடுத்த புட்டிப்பாலே காரணம் என்று அவர் கண்டறிந்தார்.

நைட்ரேட் உடலுக்குள் நைட்ரைட்டாக மாறுகிறது. இரத்தத்தில் உயிர்வாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது வேறொன்றாக மாற்றிவிடுகிறது. அப்படி மாறிய இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்காது. உதடும் நகமும் நீலமாகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள், அதிலும் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகள்தான் இதற்கு முதலில் பலியாகக் கூடியவர்கள். வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் ஆபத்து கூடும். உலக சுகாதார நிறுவனம் ஒரு லிட்டர் நீரில் 50 மில்லிகிராம் நைட்ரேட் என்று வரம்பு வைத்ததே இந்தக் குழந்தைகளை மனதில் வைத்துத்தான். தாய் அந்த நீரைக் குடித்தாலும் தாய்ப்பாலில் நைட்ரேட் அவ்வளவாகச் சேர்வதில்லை. தாய்ப்பால் கொடுக்கும் வழக்கம் ஊன்றியிருக்கும் யாழ்ப்பாணத்தில் அது ஒரு பெரிய பாதுகாப்பு.

பெரியவர்கள் விஷயத்தில் முடிவு இன்னும் அவ்வளவு தெளிவாகவில்லை. உடலுக்குள் வேறு சேர்மமாக மாறும் சூழ்நிலையில் நைட்ரேட் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2010-ல் வெளியிட்ட அறிக்கை வகைப்படுத்தியது. டென்மார்க்கில் 27 இலட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2018-ல் வெளியான ஆய்வு, லிட்டருக்கு 4 மில்லிகிராம் அளவிலேயே பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சற்றே கூடுவதாகக் கண்டது. தொடர்பு இருப்பது வேறு, காரணம் என்று நிரூபிப்பது வேறு. ஊரில் யாருக்குப் புற்றுநோய் வந்தாலும் உடனே கிணற்றைக் கைகாட்டுவது சரியல்ல. அதே சமயம், 50-க்குக் கீழே இருந்தால் எந்தக் கவலையும் இல்லை என்று நிம்மதியாகத் தூங்கிவிடவும் முடியாது.

போத்தலை நிரப்புவதிலும் முறை உண்டு

பரிசோதனை என்றதும் ஒரு பழைய போத்தலில் தண்ணீரை நிரப்பி அனுப்பிவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படிச் செய்தால் வருகிற முடிவு அந்தப் பழைய போத்தலைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

நைட்ரேட்டுக்குச் சுத்தமான பிளாஸ்டிக் போத்தல் போதும். சோதிக்கப் போகும் கிணற்று நீராலேயே அதை இரண்டு மூன்று முறை அலசிவிட்டு நிரப்ப வேண்டும். இயந்திரம் வைத்த கிணறானால், குழாயில் தேங்கிய நீர் போகும்வரை சில நிமிடம் ஓடவிட வேண்டும். திறந்த கிணறானால், மேலே மிதக்கும் தூசியும் இலையும் வராதபடி வாளியைச் சற்று உள்ளே அமிழ்த்தி அள்ள வேண்டும். தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுக்கவே கூடாது. நிரப்பிய போத்தலைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோவது நல்லது. 48 மணி நேரத்துக்கு மேல் அப்படியே வைத்திருந்தால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் அளவையே மாற்றிவிடும்.

கிருமிச் சோதனைக்கு முறை நேர்மாறானது. ஆய்வுகூடம் தருகிற கிருமி நீக்கிய போத்தலை அலசவே கூடாது, வாயில் விரல் படவும் கூடாது. பூச்சிக்கொல்லி மருந்துச் சோதனைக்கோ வெளிச்சம் புகாத கண்ணாடிப் போத்தல் வேண்டும். அதற்குப் பெரிய கருவியும் கூடுதல் செலவும் ஆகும். அதோடு, எந்த மருந்தைத் தேட வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். "எல்லா விஷமும் இருக்கிறதா பாருங்கள்" என்றால் எந்த ஆய்வுகூடமும் பார்க்காது. பக்கத்துத் தோட்டக்காரர் என்ன தெளித்தார் என்று முதலில் விசாரித்துக்கொண்டு போவதே புத்திசாலித்தனம்.

'நல்ல தண்ணீர்' என்று வருகிற ஓர் அறிக்கை எதற்காக நல்லது என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். சுன்னாகம் வட்டாரத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த விவகாரம் 2014, 2015 ஆண்டுகளில் பெரும் கொந்தளிப்பானது. அங்கிருந்த அனல் மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2019-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண்ணெய் மிதந்தால் கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். அதனால் மக்கள் திரண்டார்கள். ஆனால் எண்ணெய் இல்லை என்று முடிவு வந்த கிணற்றில் நைட்ரேட் எவ்வளவு என்று அந்த முடிவு சொல்லாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் போட்டுவிட்டுப் போகிற கிணறும் அப்படித்தான். குளோரின் கிருமியைக் கொல்லும், நைட்ரேட்டை ஒன்றும் செய்யாது.

ஒரு முறை சோதித்துச் சான்றிதழை அலமாரியில் வைத்துவிட்டால் போதுமா? போதாது. வறட்சியில் மண்ணில் தங்கியதை முதல் மழை அடித்துக்கொண்டு கிணற்றில் சேர்க்கலாம். தொடர்ந்து மழை பெய்தால் நீர் பெருகி அளவு குறையவும் செய்யலாம். ஆகவே மழைக்கு முன்பு ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை என்று பார்த்தால்தான் அந்தக் கிணற்றின் குணம் தெரியும். நீரில் நனைத்தால் நிறம் மாறும் காகிதப் பட்டைகளும் கிடைக்கின்றன. அவற்றை வைத்துக் கிணறுகளைச் சல்லடையாகச் சலிக்கலாம், முடிவு எழுத முடியாது.

12 என்றால் நல்லதா கெட்டதா?

படித்தவர்களே சறுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. அறிக்கையில் '12' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரம்பு 50 என்று கேள்விப்பட்டவர், "நாலில் ஒரு பங்குகூட இல்லையே" என்று மகிழ்ந்துபோவார். ஆனால் சில ஆய்வுகூடங்கள் நைட்ரேட்டை முழுமையாக எழுதாமல், அதில் உள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டு எழுதும். அந்தக் கணக்கில் வரம்பு 50 அல்ல, சுமார் 11. அப்படியானால் 12 என்பது வரம்பைத் தாண்டிய நீர்! நைட்ரஜன் கணக்கை 4.43-ஆல் பெருக்கினால் நைட்ரேட் கணக்கு கிடைக்கும். 12-ஐப் பெருக்கிப் பாருங்கள், 53 வரும். எண்ணைப் படிப்பதற்கு முன்பு அதன் பக்கத்தில் எழுதியிருக்கும் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும்.

வரம்பைத் தாண்டிவிட்டது என்று தெரிந்தால் நம் வீட்டுப் பெண்கள் செய்யும் முதல் காரியம் கொதிக்க வைப்பது. கிருமிகளைக் கொல்வதற்கு அது நல்ல பழக்கம். நைட்ரேட்டுக்கோ கெடுதல். நீர் ஆவியாகிப் போகும், நைட்ரேட் அப்படியே இருக்கும், மிஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும். மண் வடிகட்டியும் கரி வடிகட்டியும் அதைப் பிடிப்பதில்லை. 'ஆர்.ஓ.' என்று சொல்லப்படும் சவ்வு வடிகட்டி பெரும்பகுதியை நீக்கும். அதிலிருந்து வெளியேறும் செறிந்த கழிவு நீரைக் கிணற்றடியிலேயே ஊற்றினால் என்ன பயன் என்பதையும் யோசிக்க வேண்டும். குளிக்கவும் துணி துவைக்கவும் அந்தக் கிணற்று நீரால் தீங்கில்லை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் குடிப்பதற்கு மட்டும் வேறு நீர் ஏற்பாடு செய்தாக வேண்டும்.

குழாய் நீர் வந்தால் பிரச்சினை தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். கிளிநொச்சி மாவட்டத்து இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் யோசனைக்கு அங்குள்ள நெல் விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பிறகு கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் 2024-ல் திறக்கப்பட்டது. குழாய் நீர் சென்ற வீடுகளுக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனாலும் குழாய் வந்துவிட்டது என்பதற்காக முற்றத்துக் கிணற்றை யாரும் மூடிவிடப் போவதில்லை. தோட்டத்துக்கு அந்த நீர்தான், தேநீருக்கும் பெரும்பாலும் அந்த நீர்தான்.

பரிசோதனைக்குத் தடையாக நிற்பது பல நேரங்களில் பணமல்ல, மானம். 'நல்ல தண்ணீர்க் கிணறு' என்றால் காணிக்கு ஒரு விலை, இல்லையென்றால் வேறு விலை. சீதனம் பேசும்போதும் கிணற்றைப் பற்றிப் பேச்சு வரும். பல கிணறுகள் ஒருவருக்கு மட்டும் சொந்தமானவையும் அல்ல. காணி உறுதியிலேயே கிணற்றில் இத்தனை பங்கு என்று எழுதப்பட்டிருக்கும். ஒரு பங்காளி பரிசோதிக்கப் போனால் மற்றவர்கள், "எங்கள் கிணற்றுக்கு என்ன குறை கண்டாய்?" என்று முகம் திருப்புவார்கள். அறிக்கை வந்தாலும் மடித்து வைத்துவிடுகிற வீடுகள் இல்லாமல் இல்லை.

அந்த அறிக்கை தோட்டத்துக்கும் பயன்படும் என்று சொன்னால் கமக்காரர்கள் ஒருவேளை காது கொடுத்துக் கேட்பார்கள். கணக்கு மிக எளிது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள கிணற்றிலிருந்து ஒரு போகத்துக்கு 10 இலட்சம் லிட்டர் பாய்ச்சினால், அந்த நீரோடு 11 கிலோவுக்கும் சற்று அதிகமான நைட்ரஜன் தோட்டத்தில் இறங்குகிறது. யூரியாவில் 46 விழுக்காடுதான் நைட்ரஜன் என்பதால், அது சுமார் 24 கிலோ யூரியாவுக்குச் சமம். கிட்டத்தட்ட அரை மூட்டை! கிணற்றில் 100 மில்லிகிராம் இருந்தால் ஒரு மூட்டை. காசு கொடுத்து வாங்கிப் போட்டு, மழையில் கரையவிட்டு, கிணற்றில் சேர்த்து வைத்திருக்கும் உரம் அது. அடுத்த போகத்துக்கு உரக்கடைக்குப் போகும் கமக்காரர், வீட்டுக் கிணற்று அறிக்கையோடு தோட்டக் கிணற்று அறிக்கையையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனால், அந்த அரை மூட்டையைக் குறைத்து வாங்கலாம்.